ராக்கெட்டில் ஒட்டிய பொய்கள்

மகனே சேகரு,

நாளைக் காலையில் நீ மணையில் உட்காரும்போது பந்தலில் இருக்கிற எல்லோர் கையிலும் இந்த மடல் இருக்கும். நம் ஊரில் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாழ்த்து மடல் அடிக்கிறார்கள். ரோஸ் தாளில் மாப்பிள்ளை சூரியன், பெண் சந்திரன் என்று நாலு வரி, அடியில் நண்பர்கள் பெயர் ஒரு கூட்டம். வாங்கினவர்கள் அதை வைத்து விசிறிக்கொள்வார்கள், கை துடைத்துக்கொள்வார்கள், பந்திக்கு எழுந்து போகும்போது நாற்காலியில் இடம் பிடிக்க வைத்துவிட்டுப் போவார்கள். உன் சித்தப்பன் அந்தக் கூட்டத்தில் பெயர் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. அச்சாபீஸ்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: எழுத்து பொடியாகப் போனாலும் சரி, தாள் கூடினாலும் சரி, நான் எழுதினதில் ஒன்றையும் குறைக்கக் கூடாது. "எட்டாங்கிளாஸ் படிச்சவன் இவ்ளோ எழுதுறியே, பத்து படிச்சிருந்தா நான் மிஷினை வித்துட்டுப் போவணும்" என்றார். நான் எட்டோடு நின்றதில் நஷ்டப்பட்டது பள்ளிக்கூடம்தான் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆனால் இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. தாலி ஏறுவதற்கு முன்னால் இது பெண் வீட்டுச் செய்யாற்றுக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், பிறகு சேர்ந்து பிரயோசனம் இல்லை. காரணம் உனக்குத் தெரியும், பந்தலில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. முந்தாநாள் முகூர்த்தப் புடவையைச் செய்யாறு கொண்டுபோய்ப் பெண் வீட்டில் கொடுத்தோம். உன் அப்பா, அதாவது என் அண்ணன், தன் கையால் நெய்த புடவை. மாம்பழக் கலர், உடம்பெல்லாம் சரிகைப் புட்டா. பெண்ணின் பெரியம்மா மடிப்பைப் பிரித்து அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஓர் இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. வரிசையாகப் போகிற சரிகைப் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு பூ சரிகையில் இல்லை, சிவப்புப் பட்டில் இருந்தது. வரிசையை விட்டு ஒரு விரல் தள்ளியும் இருந்தது. அந்த அம்மாள் புடவையை மடித்து வைத்துவிட்டார். நேற்று பெண்ணின் தாய்மாமா பஸ் ஏறி வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. முகூர்த்தப் பொடவையில பிசகு இருந்தா எங்க பொம்பளைங்களுக்கு மனசு ஒப்பல. நாங்களே வேற ஒண்ணு எடுத்துக்கினு வந்துடட்டுங்களா?"

அண்ணா அவரைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, பிடிவாதம் பிடிக்காமல் மாற்றிவிடலாம் என்று சொன்னாய். நீயுமா என்று எனக்கு இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து தறியில் உட்கார்ந்த மனிதர். அவர் நெய்த புடவை அவர் மகன் கல்யாணத்தன்று பெட்டியிலேயே கிடந்தால் அவர் பந்தலுக்கு வருவார், ஏதாவது ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார், அட்சதை போடுவார், அதோடு சரி. உன்னோடு மறுபடியும் பேச்சு என்று ஒன்று இருக்காது. உனக்கு அவர் அப்பா என்ற உறவு. எனக்கு அவரோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த உறவு. நான் சொன்னால் நம்பு.

அது பிசகு இல்லை, சேகரு. அது என்ன என்று சொல்ல வேண்டுமானால் உன் முதல் ராக்கெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராக்கெட் விஷயத்தில் வடாற்காடு ஜில்லாவில் எனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர் கிடையாது என்பதால் நானே சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டாருக்கும் இது உபயோகப்படும். நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா, நெல் மண்டி வைத்திருக்கிறவர், மாப்பிள்ளைக்கு மெட்ராஸில் என்ன வேலை என்று என்னைக் கேட்டார். ராக்கெட்டை அழுக்குப் பண்ணுகிற வேலை என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. ஐயா, நான் சொன்னது நிஜம். சினிமாவில் ஆகாயத்தில் போகிற கப்பலைக் காட்ட வேண்டும் என்றால் கை நீளத்துக்கு ஒன்று செய்து, பக்கத்தில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். மொழுமொழு என்று இருந்தால் அது பொம்மை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதன் மேல் பொடிப் பொடியாகக் குழாய், ஏணி, மூடி, ஜன்னல் எல்லாம் ஒட்டி, கீறி, புகை பிடிக்க வைத்து, துரு ஏற்றி, ஒரு ஊரே உள்ளே குடியிருக்கிற மாதிரி பண்ணுகிறவன் ஒருத்தன் வேண்டும். மெட்ராஸில் அந்த வேலைக்கு இவன் கையைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கைக்கு வழி பண்ணினவன் நான்.

எழுபதுகளின் கடைசியில், நீ பள்ளிக்கூடம் முடித்திருந்தாய். உனக்கென்று வீட்டில் ரெண்டாவது தறி போட்டாகிவிட்டது. குழி வெட்டி, பாவு ஏற்றி, நீ உட்கார வேண்டியதுதான் பாக்கி. நீ உட்காரவில்லை. தேய்ந்த பேனா மூடி, உடைந்த ரேடியோவின் வயிறு, கடிகாரக் கடையில் பெருக்கித் தள்ளுகிற சக்கரம் என்று பொறுக்கிக்கொண்டு வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தாய். அண்ணா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருப்பதுதான் பயம். நான் அப்போது பட்டு ஜவுளிக் கடையில் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து ஒரு செட்டிங்ஸ்காரர், சினிமாவுக்கு செட் போடுகிறவர், ராணி வேஷத்துக்குப் புடவை எடுக்க வந்தார். புடவையைப் பார்க்காமல் தலையில் கையை வைத்துக்கொண்டு, ராக்கெட் படம் ஒன்று எடுக்கிறோம், கடைசல்காரர் மரத்தில் ராக்கெட் கடைந்து கொடுத்தார், கேமராவில் பார்த்தால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது, டைரக்டர் பேஜார் பண்ணுகிறார் என்று புலம்பினார். எங்கள் வீட்டில் ராக்கெட் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறோம் என்று சொன்னேன். எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டார். என் அனுபவத்தைக் கேட்டார் என்று வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த நாளிலிருந்து என்றேன்.

அந்த மரத்தை நான் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆரணியே திரண்டு வந்தது. சரி, எதிர்வீட்டு ஆறேழு பேர். அண்ணா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். மரத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், உன் கண் போன இடத்தைப் பார்த்தார். செட்டிங்ஸ்காரர் என்ன சொல்லியிருக்கிறார் என்று என்னைக் கேட்டார். வேலை பிடித்துவிட்டால் பையனைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன். அவர் அப்படி முழுசாகச் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். 'பார்க்கலாம்' என்பதை நான் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன், அவ்வளவுதான். அண்ணா மறுபடியும் மரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தாளு பாத்துட்டு நெஜம்னு சொன்னா போ. மரம்னு சொன்னா தறியில குந்து. அதுக்கப்பறம் இந்தப் பேச்சே இந்த ஊட்ல இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு உள்ளே போனார். தறிச் சத்தம் மறுபடியும் கேட்டது. நீ அந்த மரத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

முதல் தடவை நீ செய்தது எவ்வளவு நேர்த்தியான வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். தறி அச்சிலிருந்து கழன்ற கம்பிப் பல்லையெல்லாம் நறுக்கி, சக்கரத்தைத் துடைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி, அளந்து அளந்து ஒட்டினாய். ஒரு சக்கரம், ஒரு இடைவெளி, ஒரு சக்கரம், ஒரு இடைவெளி. அடியில் சுற்றிலும் ஒரே அகலத்துக்கு ஒரு பட்டை. மேலே கூம்புக்குக் கீழே அதே பட்டை. தெருவே வந்து பார்த்துவிட்டு அழகு என்றது. நானும் என் பங்குக்கு இது மெட்ராஸ் வரைக்கும் பேசப்படும் என்று சொல்லி வைத்தேன். செட்டிங்ஸ்காரர் வேலூர் போகிற வழியில், வேலை எப்படிப் போகிறது என்று எட்டிப் பார்க்க வந்தார். கழுத்தில் தொங்கிய சின்ன லென்ஸைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தம்பி, கரை இருக்குது, புட்டா இருக்குது, எல்லாம் இருக்குது. முந்தானைய எங்க வெச்ச?" என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ராக்கெட்டுக்குப் புடவை கட்டி வைத்திருந்தோம். தெரு முழுக்க நெசவுக்காரக் கண்கள், ஒன்றுக்குக்கூட அது படவில்லை, ஏனென்றால் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருவதுதான் எங்களுக்கு ஒழுங்கு. உள்ளே தறிச் சத்தம் நின்றிருந்தது. செட்டிங்ஸ்காரர் சொன்னதை அண்ணா கேட்டுவிட்டார். நீ தலையை நிமிர்த்தவில்லை. செட்டிங்ஸ்காரர் நல்ல மனிதர், சிரித்ததற்கு வருத்தப்பட்டு, வெள்ளிக்கிழமை வேன் வரும், அதற்குள் ஏதாவது பண்ண முடிந்தால் பண்ணு, இல்லாவிட்டால் மரத்தை அப்படியே கொடுத்துவிடு, மெட்ராஸில் ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டினதும் தறிச் சத்தம் திரும்பக் கேட்டது. மெதுவாக, ஒரு அடி, ஒரு அடியாக. அந்தச் சத்தத்தில் ஒரு தீர்ப்பு இருந்தது, நீயும் நானும் கேட்டோம்.

அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அண்ணா தறி நெய்துகொண்டிருக்கும்போதே ரெண்டாவது தறியின் சட்டத்தில் காலை வைத்து ஏறி, மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாய். புடவையில் பூ விழ வைக்கிற பெட்டி அது. கொக்கி, ஊசி, கயிறு, ஓட்டை போட்ட அட்டை, எண்ணெய்ப் பிசுக்கு, பட்டுத் தூசி எல்லாம் அடைத்துக்கொண்டு கிடக்கும். தறியில் உட்கார வேண்டியவன் தறியின் மேல் ஏறிப் படுத்துக்கிடக்கிறான், கீழே பக்கத்துத் தறியில் அப்பன் நிமிர்ந்து பார்க்காமல் நெய்கிறான். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்து என் காதில் சொன்னாய்: "சித்தப்பா, அதுல ஒண்ணுகூட அழகுக்கு இல்ல. எல்லாம் வேலைக்கு இருக்குது." அப்புறம் கேட்டாய்: "ராக்கெட்டுல எது எதுக்கு வேலை இருக்கும்?"

என்னைக் கேட்டாய் பார், அங்கேதான் உனக்கு நல்ல நேரம். பாடம் படித்தவனைக் கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பான். நான் சொல்ல ஆரம்பித்தேன். நீ ஒட்டினதையெல்லாம் பெயர்த்து முறத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாய், நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்தேன். சைக்கிள் வால்வு ட்யூபா, அது காற்றுக் குழாய், முன்பக்கத்தில் கேப்டன் ரூமுக்கு மட்டும் தனியாகப் போகிறது, அவர் பெரிய ஆள். அந்தக் கோணல் தகடு முதலில் இல்லை, போன பயணத்தில் ஒரு கல் இடித்து ஓட்டை விழுந்ததால் ஒட்டுப் போட்டது. இந்தப் பக்கம் ஏன் மொட்டையாக இருக்கிறது என்றால், இங்கே உள்ளே தண்ணீர்த் தொட்டி, வெளியில் ஒன்றும் வைக்க முடியாது. பின்பக்கம் ஏன் இத்தனை நெரிசல் என்றால், இன்ஜின் அங்கே. இந்தக் கம்பி சமையல்காரன் துண்டு உலர்த்துவதற்கு. சந்திரனுக்கு அந்தப் பக்கம் வெயில் கடுமை என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். நீ சிரிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அந்த அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாய். எனக்கு உத்தியோகம் தோன்றாத சாமானைத் தூக்கி எறிந்தாய். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அந்த ராக்கெட் மேல் இருந்ததெல்லாம் என் பொய். ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு வேலை இருந்தது. வேலை இல்லாத பொய்யை நான் இன்றுவரை சொன்னதில்லை. குடும்பம் நடத்தப் போகிறாய், இதை மட்டும் குறித்துக்கொள்.

அரிசியும் நினைவு இருக்கட்டும். ஒரு அரிசியை எடுத்து ராக்கெட்டின் பக்கத்தில் நிறுத்தி, இதுதான் ஆள் என்று வைத்துக்கொண்டாய். ஏணிப்படி அரிசி ஏறுகிற மாதிரி இருக்க வேண்டும், கதவு அரிசி நுழைகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் வஜ்ஜிரத்தில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது, அதைப் பார்த்து நீ பதறினாய். அரிசி ஆளுக்கு அந்த ரேகை ஏரிக்கரை உயரம், பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்றாய். அதைச் சுரண்டி எடுத்தாய். போர்டு எழுதுகிறவரிடம் வாங்கின சாம்பல் பெயிண்ட் அடித்தாய். பிறகு கறுப்பைத் தண்ணீராய்க் கரைத்து மேலே ஊற்றி, பட்டுக் கழிவால் ஒற்றி எடுத்தாய். மேடெல்லாம் சாம்பலாகவும் இடுக்கெல்லாம் அழுக்காகவும் நின்றது. அண்ணா அந்தப் பக்கம் போனபோது தாழ்வாரத்தின் மறு ஓரமாகச் சுற்றிப் போனார். பட்டு நெய்கிற வீட்டில் அழுக்கு என்றால் அது பாம்பு மாதிரி. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ராக்கெட்டைப் பார்க்காமலே போனார். ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலை, வேன் வந்து தெருமுனையில் நின்றது. உள்ளே வர முடியவில்லை, தெரு நீளத்துக்குப் பாவு நூலைக் கட்டி இழை திருத்திக்கொண்டிருந்தார்கள். அதை அவிழ்க்கச் சொல்லக் கலெக்டர் வந்தாலும் முடியாது. நான் செட்டிங்ஸ்காரரை எதிர்கொள்ளப் போகக் காலை வெளியே வைத்தேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா பூஜைத் தட்டோடு வந்தார்கள். தறியிலிருந்து அறுத்த புடவை எதுவானாலும் வாசலைத் தாண்டும் முன் அண்ணி பொட்டு வைக்காமல் அனுப்பினது கிடையாது. ராக்கெட்டையும் அப்படியே நினைத்துவிட்டார்கள். நாம் ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பதற்குள் ராக்கெட்டின் விலாவில் சந்தனமும் குங்குமமும் விரலால் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுண்டுவிரல் அகலச் சிவப்புப் பொட்டு. அரிசி ஆளுக்கு அது கிணற்று அகலம். துடைத்தால் ஈரத்தோடு பெயிண்டும் இழுத்துக்கொண்டு வந்துவிடும், பெரிய கறையாகும். நீ வாயைத் திறந்தாய். அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாய், சொல்லியிருந்தால் அந்த வார்த்தையை நீ வாழ்நாளில் திருப்பி எடுத்திருக்க முடியாது. கும்பிட்ட கையோடு அண்ணி, "இன்னாடா கண்ணு?" என்றார்கள். அப்போது சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, யோசித்தால் எனக்கு எதுவும் வராது. "எமர்ஜென்சி கதவு. தீப்பிடிச்சா அது வழியா எறங்குவாங்க. அது செவப்பாதான் இருக்கும், பஸ்ல பாத்ததில்ல?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஊசியை எடுத்தாய். அதைச் சொல்லிவிட்டு நான் தெருமுனைக்கு ஓடினேன். செட்டிங்ஸ்காரரைப் பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆரணிப் பட்டு அந்தக் காலத்து ராஜாக்களுக்கு எப்படிப் போனது என்று ஒரு சரித்திரம் சொன்னேன். அதில் பாதி அங்கேயே உண்டானது. இழை திருத்தி முடிக்கிற வரைக்கும் அவரை நகரவிடவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது பொட்டு வட்டமாக இல்லை. ஓரத்தைச் சுரண்டிச் சதுரமாக்கியிருந்தாய். ஒரு பக்கம் அச்சுப் பல்லில் ரெண்டு கீல், அடியில் மயிர் மாதிரி ஒரு ஏணி. பின்னால் ஆகாயமாக வைக்கக் கறுப்புத் துணி வீட்டில் இல்லை என்று அண்ணாவின் குடையை விரித்து வைத்திருந்தாய். பழைய குடை, அதில் இருந்த பொத்தல்கள் வழியாக முற்றத்து வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. செட்டிங்ஸ்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். உள்ளே தறிச் சத்தம் இல்லை. அண்ணா குழியிலிருந்து ஏறி வந்து நிலைப்படியில் கையை ஊன்றி நின்றார். செட்டிங்ஸ்காரர் மண்டிபோட்டார். இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார். லென்ஸை எடுக்காமலே, "அது இன்னா செவப்பு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய். "எமர்ஜென்சி கதவுங்க." அவர் நெஜம் என்றும் சொல்லவில்லை, மரம் என்றும் சொல்லவில்லை. எழுந்து, லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றி, அண்ணாவிடம் நீட்டினார். "நீங்க பாருங்க பெரியவரே" என்றார்.

அத்தனை நாளும் பார்க்காமல் போனவர், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் ரெண்டையும் மூடினார், பிறகு கையால் ஒன்றைப் பொத்திக்கொண்டார். குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நான் என் வாழ்க்கையில் பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான், அதற்கு அண்ணியும் சாட்சி. கடைசியில், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உள்ள எத்தினி பேர் இருக்காங்க?"

நீ, "முந்நூறு பேருப்பா" என்றாய்.

அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். குடையை எடுத்து மடக்கி ஆணியில் மாட்டினார். "ஜல்தி சாப்ட்டு கெளம்பு, வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். நீ அழுதாய், மூக்கைச் சிந்தினாய், மடியில் ராக்கெட்டை வைத்துக்கொண்டு வேனில் ஏறினாய். இது வரைக்கும் உனக்குத் தெரியும். இதற்குமேல் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ மெட்ராஸில் இருந்தாய், நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை.

படம் ஆரணிக் கொட்டகைக்கு வந்தபோது அண்ணாவையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம், இடைவேளையில் முறுக்கு விற்கிறவனிடம், பின் வரிசையில் இருந்தவர்களிடம் எல்லாம் எங்கள் வீட்டு ராக்கெட் வரும் என்று சொல்லி வைத்திருந்தேன். வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே மெதுவாக, ஊர் நகர்கிற மாதிரி வந்தது. என் பொய் ஒவ்வொன்றும் வெளிச்சம் பட்டு மின்னியது. அண்ணா முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் வில்லன் ஏதோ விசையை அழுத்தினான், ராக்கெட் தீப்பிடித்து வெடித்துச் சுக்குநூறாகப் போய்விட்டது. கொட்டகை கைதட்டியது. அவ்வளவுதான் அதன் வேலை, வெடிப்பதற்குத்தான் அதைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அண்ணா என் கையைப் பிடித்தார். அவர் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"உள்ள இருந்தவங்க?" என்றார்.

"எறங்கிட்டாங்கண்ணா" என்றேன். "செவப்புக் கதவு வழியா. அண்ணி வெச்ச கதவு."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒரு ஆள் பாக்கி இல்ல."

கையை விட்டார். அதற்கப்புறம் படம் முடிகிற வரைக்கும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்த ராக்கெட்டில் அவர் யாரை ஏற்றி அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். முந்நூறு பேரை இல்லை.

இப்போது புடவைக்கு வருகிறேன். அதை அவர் நெய்தது ரெண்டாவது தறியில், உனக்காகப் போட்டு நீ உட்காராமல் போன தறியில். இத்தனை வருஷம் அதில் யாரையும் உட்காரவிடவில்லை. நேற்று தாய்மாமா வந்துவிட்டுப் போனபிறகு, நான் குழிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு கேட்டேன். ஒரு இழை பிசகினால் அரை நாள் வேலையை அவிழ்க்கிற ஆள் நீங்கள், அந்தச் சிவப்புப் பூ எப்படி வந்தது, அதுவும் வரிசை விட்டு, சதுரமாக, என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். இழை ஓட்டுகிற நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

செய்யாற்றுப் பெரியம்மா, தாய்மாமா, சம்பந்தி ஐயா, என் மருமகளே, நீங்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். மடலில் மற்ற இடத்தில் ஒரு சரிகை இழை கூடவோ குறையவோ இருந்திருக்கலாம், என் கை அப்படி. இந்த இடத்தில் மட்டும் நான் ஒன்றையும் சேர்க்கவில்லை, அச்சாபீஸ்காரரும் சேர்க்கவில்லை. அண்ணா சொன்னது இவ்வளவுதான்:

"பிசகு இல்லடா. கதவு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

பந்தலில் உன் பின்னால் நிற்கப் போகிற,
உன் சித்தப்பன்